வலது கைக்கே இரண்டு சட்டைக்கை

ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் குடியிருந்த ஒழுங்கையில் யார் தைத்தாலும் நான் புத்தி சொல்லாமல் விட்டதில்லை. "கழுத்தை முதலே ஆழமா வெட்டாதேங்கோ, பிறகு ஒட்டேலாது." "புதுத் துணியை நனைச்சுக் காய வைச்சிட்டு வெட்டுங்கோ." கேட்டார்களோ இல்லையோ, சொல்லிவிடுவேன். தையல் வகுப்புக்குப் போனவள் என்ற தலைக்கனம்.

துணியைக் கூப்பனுக்கு அளந்து தந்த காலம் அது. கிண்ணியாவிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியேறிய ராத்தா, நோன்புப் பெருநாளுக்குத் தன் மூன்று பெண்பிள்ளைகளுக்கும் சட்டை தைக்க என்னிடம் சீத்தைத் துணி தந்தார். மூன்று பேரும் ஒரே பூப்போட்ட சட்டையில் போனால்தான் அவர்கள் வீட்டில் பெருநாள். மூத்தவர்கள் இருவருக்கும் தைத்து முடித்தேன். கடைக்குட்டியின் சட்டைக்கு உடம்பு வெட்டியபின் மிஞ்சியவை சின்னத் துண்டுகள்தான். மடித்து வெட்ட இடம் போதாமல் ஒவ்வொரு கையாக வெட்டினேன்.

கைகளைச் சட்டையில் பூட்டப் பார்த்தால், இரண்டும் வலது கை! இரண்டாவதைக் கவிழ்த்துப் போட்டு வெட்ட மறந்துவிட்டேன். துணியை மறுபக்கம் திருப்பினால் பூவே இல்லை, ஒரே வெளிறல். பிறை கண்டால் நாளைக்குப் பெருநாள். கடையில் அந்தத் துணி ஒரு சாண்கூட இல்லை. கடைக்குட்டியோ, "மாமி, என்ட சட்ட முடிஞ்சா?" என்று நாலாம் தரம் வந்து கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ராத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், நோன்போடு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அதுக்கென்ன தங்கச்சி, வெள்ளச் சேட் ஒண்டு கிடக்கா?"

என் கணவர் வேலைக்குப் போடும் கந்தோர்ச் சேட் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. இழுத்தெடுத்தேன்.

"அவர் கேட்டா?" என்றார் ராத்தா.

"கேக்கட்டும், நான் பாத்துக்கொள்ளுறன்."

அதில் இரண்டு குட்டிக் கைகள் வெட்டிப் பூட்டினேன். பிழையாக வெட்டிய பூக்கைகளை ராத்தா நீட்டு நீட்டாகக் கிழித்து, சுருக்கு வைத்து, வெள்ளைக் கைகளின் விளிம்பில் ஓடவிட்டார்.

பெருநாள் காலையில் கடைக்குட்டி சுற்றிச் சுற்றி ஆடினாள். மூத்தவர்கள் இருவரும் தங்களுக்கும் வெள்ளைக் கைதான் வேண்டுமென்று அழுதார்கள்! அந்தக் கிழமையே ஒழுங்கைப் பெண்கள் அந்தக் கையை எப்படி வெட்டுவது என்று கேட்டு என்னிடம் வந்தார்கள். நான் விடுவேனா? "இது புது மோஸ்தர்" என்று சோக்கட்டியால் வரைந்து வரைந்து விளங்கப்படுத்தினேன். மூன்று மாதம் இதே கதைதான்.

ஒருநாள் மனம் உறுத்தி, "உண்மையைச் சொல்லாம என்னைக் காப்பாத்திப் போட்டியள், ராத்தா" என்றேன்.

"அல்லாவே! நான் அண்டைக்கே எல்லாருக்கும் சொல்லிட்டனே. ரெண்டும் வலக்கையெண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சம்."

"பிறகேன் என்னட்டக் கேக்க வந்தவை?"

"கை வடிவாயிருந்திச்சே. உங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறதெண்டா உசிரெண்டும் தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் ராத்தாவோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், அவர் வீட்டில் ஒரு பெண் துணியை விரித்துக் கழுத்தை ஆழமாக வெட்டப் போவது யன்னலால் தெரிந்தது. வாய் சும்மா இருக்குமா? ஓடினேன். நான் வந்து உட்காரவென்று ஒரு கதிரையை ராத்தா ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார்.