‘எறங்கு’ன்னு சொல்லுங்க

கிணற்று மேட்டில் நின்றவர்கள்: பெரியப்பா. பெரியம்மா. அம்மா. வரிக் காகிதம் கொண்டுவந்திருந்த கணக்குப்பிள்ளை. எருது பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த எங்கள் பண்ணையாள். கிணற்றுக்குள் இருந்தது நான் ஒருத்தி. வயது ஏழு.

தூக்கணாங்குருவிக் கூட்டுக்கு ஆசைப்பட்டேன். கிணற்றுக்கு மேல் சாய்ந்த ஈச்ச மரத்தில் அது தொங்கியது. தொரட்டியை எட்டி நீட்டினேன். கூடு அங்கேயே இருந்தது, நான்தான் விழுந்தேன். முழுகி எழுந்தபோது கையில் ஒரு வேர் அகப்பட்டது. கல் இடுக்கில் முளைத்த அரசங்கன்றின் வேர். பிடித்துக்கொண்டு கத்தினேன். கழுத்து வரை தண்ணீர்.

அன்றைக்கு எருமப்பட்டியில் சந்தை. அப்பாவும் மற்ற ஆண்களும் போய்விட்டார்கள். பெரியப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு. ஒரு வருஷமாகக் கோலூன்றித்தான் நடை. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நீச்சல் தெரியாது. தெரியாமலே அம்மா குதிக்கப் போனாள். பெரியம்மா சேலையைப் பிடித்து நிறுத்தினாள். கணக்குப்பிள்ளை காவேரிக் கரைக்காரர்.

“உங்களுக்கு நீச்சல் வருமல்லங்க?” என்று பெரியம்மா கேட்டாள்.

“எனக்கு வாரது ஆத்து நீச்சலுங்க. கெணத்துல பழக்கமில்லைங்க,” என்றார் அவர்.

கிணற்றுக்குள் இருப்பவளுக்கு மேலே பேசுவது நன்றாகவே கேட்கும். ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

பெரியப்பா சாலை இறக்கச் சொன்னார். எருதுகள் கயிற்றில் இழுத்துத் தண்ணீர் இறைக்கிற தோல் சால். இறங்கியது. அது இறங்கிய பக்கம் ஒன்று, நான் தொங்கிய பக்கம் வேறு. நடுவில் ஆழம்.

“அம்மிணி, வேரை உட்டுப்போட்டு வந்து சாலைப் புடி,” என்றார் பெரியப்பா.

வேரை விட்ட பிறகு சாலைப் பிடிக்க நான் எங்கே இருப்பேன்? பெரியவர்கள் சொல்கிற யோசனை.

பண்ணையாளுக்கு நன்றாக நீச்சல் வரும். ஏரியில் மீன் பிடிக்கும்போது பார்த்திருக்கிறேன். ஆனால் அவருடைய ஆட்கள் எங்கள் கிணற்றில் கால் வைக்கக் கூடாது. வீட்டுக்குக் குடிக்க அந்தத் தண்ணீர்தான். கவலை ஓட்டலாம். அந்தத் தோல் சாலைத் தைத்ததும் அவர்தான். அது நாள் முழுக்கத் தண்ணீரில் முழுகி எழலாம். அவர் இறங்கக் கூடாது.

“பண்ணாடி, நான் எறங்கட்டுங்களா?” என்றார்.

பெரியப்பா கணக்குப்பிள்ளையைப் பார்த்தார்.

“யோசிச்சுச் செய்யுங்க,” என்றார் கணக்குப்பிள்ளை. “ஊர்ல நாலு பேரு கேப்பாங்க. அதுமில்லாம, புள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, கடைசியாத் தொட்டவன் யாருன்னுதான் போலீசு கேக்கும். மணியக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பீட்டா நல்லதுங்க.”

மணியக்காரர் வீடு ஒரு மைல். வேர் தோலுரிந்து வழுக்கியது.

“புள்ள கை தளருதுங்க பண்ணாடி. எறங்கட்டுங்களா?”

அம்மா அதுவரைக்கும் பெரியப்பாவுக்கு முன்னால் நின்று பேசியதே இல்லை. அன்றைக்குப் பேசினாள். “எறங்கு சாமி! நாஞ் சொல்றேன், எறங்கு!”

பண்ணையாளைச் சாமி என்றதற்குப் பெரியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அந்த நேரத்திலும்.

அவர் இறங்கவில்லை. “நீங்க சொன்னாப் பத்தாதுங்க பண்ணாடிச்சி. பண்ணாடி சொல்லோணுங்க.”

எனக்கு அழுகை நின்று எரிச்சல் வந்துவிட்டது. சாகப் போகிற பிள்ளைக்கு எரிச்சல் வருமா என்று கேட்கலாம். வந்தது. நீந்தத் தெரிந்தவர் கண்ணெதிரே நிற்கிறார். மேலே விசாரணை நடக்கிறது.

பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, “என்னமோ செஞ்சு தொலை,” என்றார்.

“அப்படிச் சொல்லாதீங்க பண்ணாடி. எறங்குன்னு வாயத் தொறந்து சொல்லுங்க.”

“அடப்பாவி, புள்ள போகுதுடா!” என்றாள் பெரியம்மா.

“தெரியுதுங்க. அதுக்குத்தானுங்க கும்புடறேன்.”

அவருடைய ஒரு கால் கிணற்று விளிம்பில் இருந்தது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியாயிற்று. கை மட்டும் கும்பிட்டபடி இருந்தது.

வேர் என் கையோடு வந்துவிட்டது.

பெரியப்பா “எறங்குடா!” என்று கத்தியது எனக்குத் தண்ணீருக்குள் கேட்டது. “கேட்டுக்கிட்டீங்களா சாமி?” என்று கணக்குப்பிள்ளையைப் பார்த்துக் கத்திக்கொண்டே பண்ணையாள் குதித்தாராம். “கேட்டேன், கேட்டேன், போடா!” என்றாராம் கணக்குப்பிள்ளை. இது பெரியம்மா பிறகு சொன்னது.

என்னைச் சாலில் போட்டார். எருது ஓட்டியது அம்மா. அவர் கல்லைப் பிடித்து ஏறி வந்தார். நான் மண்ணில் கிடந்தேன். மூச்சு இல்லை.

“தூக்கட்டுங்களா பண்ணாடி?”

பெரியப்பா தலையை ஆட்டினார்.

“வாயில சொல்லுங்க.”

“தூக்கித் தொலைடா!”

தோளில் தலைகீழாகப் போட்டுக்கொண்டு, எருதுகள் நடக்கிற கவலைச் சரிவில் மேலும் கீழும் ஓடினார். மூக்கு வழியும் வாய் வழியும் தண்ணீர் வந்தது. நான் அழுதேன். அழுததும் இறக்கி வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அடுத்த இரண்டு நாள் கிணற்றை இறைத்தார்கள். தீட்டுக் கழிய வேண்டுமாம். எருது ஓட்டி இறைத்தவர் அவர்தான். வேறு ஆள் இல்லை.

காய்ச்சல் விட்டதும் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். “சின்னம்மிணி, ஒடம்பு தேவலைங்களா?” என்று வேலிக்கு அப்பால் நின்று கேட்பார். பதில் சொல்ல மாட்டேன். என் உயிர் போகிற நேரத்தில் உத்தரவு கேட்டுக்கொண்டு நின்றவர். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“நாஞ் செத்திருந்தா என்ன பண்ணியிருப்பே?”

“நானும் உள்ளயே கெடந்திருப்பனுங்க அம்மிணி,” என்று சிரித்தார்.

சிரிக்கிற பேச்சா அது? கோபம் அதிகமானது. ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தேன்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தபோது அம்மாவிடம் அதைச் சொன்னேன். நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “உனக்குத் தெரியாதா?” என்றுதான் ஆரம்பித்தாள்.

நான் விழுந்ததற்கு முந்தின சித்திரையில் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் ஒரு கன்று விழுந்திருக்கிறது. தோட்டத்தில் யாரும் இல்லை. பண்ணையாளின் தம்பி யாரையும் கேட்காமல் குதித்துக் கன்றைத் தூக்கி வந்திருக்கிறான். கன்று பிழைத்தது. ஊர் கூடியது. தீர்ப்புச் சொன்னவர் பெரியப்பா. தம்பியை வேப்பமரத்தில் கட்டினார்கள். புளிய விளாரை அண்ணன் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். எண்ணியவர் கணக்குப்பிள்ளை.

இருபத்தோரு அடி.