ஆறு தட்டும் ஒரு வெள்ளைத் துணியும்

சோடாக்கா ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் தலைகீழாக நின்றாலும் அதை மாற்ற முடியாது. அவளுடைய கணவனே இருபது வருடம் முயன்று பார்த்துக் கைகழுவிவிட்ட விஷயம் அது. எந்தக் கறையைக் கொண்டுபோய் நீட்டினாலும், "கொஞ்சம் சோடா போட்டு ஊற வை" என்பாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான் சோடாக்கா. நிஜப் பெயரைக் கேட்டால் அவளே ஒரு நொடி யோசித்துத்தான் சொல்வாள்.

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, இரண்டு சலவை இயந்திரங்கள், மூன்று இஸ்திரி மேசைகள், கூலிக்கு மூன்று பெண்கள். அவளுடைய சலவைக்கடை மொத்தமும் இவ்வளவுதான். அந்த ஐந்தாறு வயிறுகளுக்கும் பாதிக்கு மேல் சோறு போட்டது ஒரே ஓர் இடம். நகரத்தின் பெரிய சாலையில், வாசலில் விலைப்பலகைகூட மாட்டாத ஓர் உணவகம். அங்கிருந்து வாரம் இரண்டு முறை வெள்ளை வெளேரென்ற மேசைவிரிப்புகளும், சாப்பிடுகிறவர்கள் மடியில் போட்டுக்கொள்ளும் கைத்துணிகளும் மூட்டை மூட்டையாக வரும். பஸ் ஓட்டும் அவளுடைய கணவன் சொல்வான், "வெலை எழுதாத கடைன்னா அது நமக்கில்லைன்னு அர்த்தம்." சோடாக்காவும் ஆறு வருடமாகப் பின்வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதற்குள் என்ன வேலை!

மூன்று மாதத்துக்கு முன்னால் வந்தது வினை. வெள்ளையாக வரும் கைத்துணிகள் துவைத்து எடுத்தால் பழுப்பாகித் திட்டுத்திட்டாக நின்றன. வரும்போது இல்லாத கறை, துவைத்தபின் எங்கிருந்து வரும்? சோடா போட்டாள், போகவில்லை. வழக்கமாகப் போடும் பிளீச்சிங் பவுடரைக் கூட்டினாள், கறையும் கூடியது. இன்னும் கூட்டினாள். துணி நைந்ததே தவிரக் கறை அசையவில்லை.

உணவகத்தின் மேனேஜர் நாற்பது துணிகளைத் திருப்பிக் கொண்டுவந்து பின்வாசல் படியில் கொட்டினார். அன்றைக்கு மூட்டை தூக்க மூன்று பெண்களும் உடன் போயிருந்தார்கள். அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "ஏம்மா, உன் ஆளுங்க டீயக் குடிச்சிட்டுக் கைகூடக் கழுவாம துணியத் தொடுறாங்க. சுத்தமில்லாத கையெல்லாம் இங்க சரிப்படாது. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற எடம் பாத்துக்குவேன்."

சோடாக்கா துணிகளைப் பொறுக்கி மூட்டை கட்டிக்கொண்டு திரும்பினாள். அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் காலையில் அவள் செய்ததுதான் மன்னிக்க முடியாதது. கொட்டகை வாசலில் ஒரு வாளியும் சோப்பும் வைத்து, மூவரையும் தன் கண்முன்னால் கைகழுவச் சொன்னாள். கழுவிய கைகளைப் பிடித்து மோந்தும் பார்த்தாள்! இஸ்திரி போடும் இளசுகள் இரண்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டின. மூத்தவள், அவளோடு பதினொரு வருடம் இருந்தவள், நீட்டினாள், மோந்து முடித்ததும் கையை இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வேலைக்கு வேண்டிய பேச்சைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பெல்லாம் வீட்டுக்கதை, மருமகன் கதை, பல்வலிக் கதை என்று வாய் ஓயாதவள் அவள்.

வாளி வைத்தும் கறை வருவது நிற்கவில்லை. அப்படியானால் கை அல்ல காரணம். தான் செய்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்று சோடாக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாள் பழுப்பேறிய துணிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்றாம் நாள் எழுந்து, "நான் அங்க போய் உக்காந்து சாப்பிடப் போறேன்" என்றாள்.

கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான். "எங்க?"

"அங்கதான். முன்வாசல் வழியா. அந்தத் துணி மேல என்னதான் படுதுன்னு என் கண்ணால பாக்கணும்."

"ஒரு வேளை சாப்பாட்டுக்கு இஸ்திரிப் பெட்டி வாங்குற காசு போயிடும்டி."

"பெட்டி வாங்கி எதுக்கு? தேய்க்கத் துணி வேணாமா?"

அவன் மீதிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். தப்பித்தோம் என்றிருக்கும்.

துணைக்கு நாத்தனாரை அழைத்தாள். கணவனின் தங்கை, செருப்புக் கடையில் விற்பனைக்கு நிற்பவள், வாயாடி. சாப்பாடு என்றதும் ஒரே சொல்லில் கிளம்பிவிட்டாள். சோடாக்கா கைப்பைக்குள் பழைய கண்மருந்துக் குப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டாள். அதில் மருந்தில்லை, பிளீச் கரைத்த தண்ணீர்.

"அண்ணி, சாப்பிடப் போறோமா, சண்டைக்குப் போறோமா?"

"ரெண்டும்தான். நட."

உள்ளே மெத்தை போட்ட நாற்காலி, காதோடு பேசுகிற மாதிரி மங்கலான விளக்கு. தட்டு வைப்பதற்கு முன்பே ஒரு பரிசாரகர் ஒடிசலான கூஜாவும் கிண்ணமும் கொண்டுவந்து, இருவர் கையிலும் வெதுவெதுப்பாகத் தண்ணீர் விட்டார். ரோஜா வாசம் அடித்தது. "ராஜ மரியாதைதான்" என்று நாத்தனார் சிரித்தாள். இருவரும் மடியிலிருந்த கைத்துணியில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டார்கள். சோடாக்கா அந்தத் துணியைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத் தையலில் அவள் கடையின் நீல நூல் அடையாளம். அவள் கொட்டகையில் வெளுத்து, மூத்தவள் தேய்த்த துணி.

முதலில் சூப் வந்தது. கிண்ணம் உள்ளங்கையில் அடங்கும். நாத்தனார் இரண்டு வாயில் முடித்துவிட்டுக் கிண்ணத்தை உற்றுப் பார்த்தாள். சோடாக்கா ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கரண்டியில் எடுத்துத் துணியின் ஒரு மூலையில் ஒரு சொட்டு விட்டாள். மேசைக்கடியில் குப்பியைத் திறந்து அதன்மேல் இன்னொரு சொட்டு. காத்திருந்தாள். சூப் வெளிறிப்போனது. பழுப்பு வரவில்லை.

அடுத்து வந்தது ஒரு விரற்கடை மீன், அதைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு. பச்சைக்கோடு இரண்டாம் மூலைக்குப் போனது. பிறகு காளான், அதன் குழம்பு மூன்றாம் மூலைக்கு. ஒவ்வொரு தட்டையும் வைக்கும்போது பரிசாரகர் அது எங்கே விளைந்தது, எத்தனை மணி நேரம் வெந்தது என்று வரலாறு சொன்னார். நாத்தனார், "வரலாறு பெரிசா இருக்கு, துண்டு சின்னதா இருக்கே அண்ணி" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் காளானை வாயில் போட்டவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சத்தியமாச் சொல்றேன், நீங்க இத சாப்பிட்டே ஆகணும்!"

"நீ சாப்பிடு. எனக்கு வேலை இருக்கு."

பக்கத்து மேசைப் பெண்மணி மூக்கைச் சுளித்து இங்குமங்கும் பார்த்தாள். பிளீச் நெடி ரோஜாவையும் மீறிக் கிளம்பிக்கொண்டிருந்தது. சோடாக்கா முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். நான்காவதாகக் கறி வந்தது, ஐந்தாவதாகக் கிழங்கு மாவில் செய்த ஏதோ ஒன்று, ஆறாவதாக இனிப்பு. மூலைகள் தீர்ந்து ஓரங்களுக்குப் போனாள். நாத்தனார் இரண்டு பேர் பங்கையும் தீர்த்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள். ஆறு இடத்தில் ஒன்றுகூடப் பழுக்கவில்லை.

சோடாக்கா குப்பியை மூடப் போனாள். இவ்வளவு காசைக் கொட்டி, கணவனிடம் வீம்பு பேசி வந்து, வெறுங்கையோடு திரும்புவதா? அந்த மூன்று பேர் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆனால் தொழில்காரி இல்லையா, ஒரு வேலை பாக்கி இருந்தது. கறையைச் சோதிக்கிற எவரும் கடைசியில் கறை படாத இடத்திலும் ஒரு சொட்டு விட்டு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அது வழக்கம். துணியின் நடுவில், சாப்பாடு எதுவும் படாத வெள்ளையில், குப்பியிலிருந்த மிச்சத்தை ஊற்றினாள்.

ஊற்றிய இடம் மஞ்சளாகி, மஞ்சள் முற்றிப் பழுப்பாகி, அவள் கண்ணெதிரே நான்கு விரல் அகலத்துக்குப் பரவியது. கைதுடைத்த இடம் அது.

"அடிப்பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். "தண்ணியா! வெறும் தண்ணின்னு விட்டுட்டேனே!"

பரிசாரகரைக் கூப்பிட்டு, ரோஜாத் தண்ணீரில் என்ன கலக்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் பெருமையோடு சொன்னார், "கிருமிநாசினி மேடம். ஆஸ்பத்திரியில டாக்டருங்க கை கழுவுறாங்களே, அது. வாசனைக்கு ரோஸ் சேக்குறோம். மூணு மாசமாத்தான்."

மூன்று மாதம்! சோடாக்கா நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். அவர்களுடைய மருந்தும் அவளுடைய பிளீச்சும் சேர்ந்தால் பழுப்பு. கறையைப் போக்க அவள் பவுடரைக் கூட்டக் கூட்ட, கறையை அவளே வளர்த்திருக்கிறாள். சோடாவோடு நிறுத்தியிருந்தால் ஒரு துணியும் போயிருக்காது.

நாத்தனார் குனிந்து காதருகே சொன்னாள், "அண்ணி, தண்ணி கதைய மட்டும் சொல்லுங்க. பவுடரப் பத்தி மூச்சு விடாதீங்க. மொத்தப் பழியும் அவங்க தலையில போகட்டும்."

"பவுடர் போட்டது நான். கையக் கழுவச் சொன்னதும் நான். அத மறைச்சேன்னா அந்த மேனேஜருக்கும் எனக்கும் என்னடி வித்தியாசம்?"

அந்த நேரம் பார்த்து மேனேஜர் மேசை மேசையாக நலம் விசாரித்துக்கொண்டு வந்தார். கைகட்டி, லேசாகக் குனிந்து, "எல்லாம் திருப்திங்களா மேடம்?" என்றார். ஆறு வருடம் பின்வாசலில் பார்த்த முகத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"சார், நான் சலவைக்கடை. சோடாக்கா."

அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. "ஏம்மா, நீ எங்க இங்க..." பக்கத்து மேசை திரும்பிப் பார்த்ததும் மீதியை விழுங்கிக்கொண்டார்.

சோடாக்கா துணியை மேசைமேல் விரித்துப் போட்டாள். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. "இது உங்க சூப்பு, இது மீனு, இது கறி. ஒண்ணும் ஆகலை. இது நீங்க கையில ஊத்துன தண்ணி. என் பிளீச்சு பட்டதும் பழுத்துடுச்சு. பாதி உங்க மேல, பாதி என் மேல. என் ஆளுங்க கை மேல ஒண்ணுமே இல்லை."

"சரிம்மா... சரிங்க. மெதுவாப் பேசலாம். பின்னாடி வாங்களேன்."

"இன்னிக்கு நான் பின்னாடி வரலை சார். இனிமே கைதுடைக்கத் தனியாச் சின்னத் துண்டு குடுங்க, அத தனி மூட்டையா அனுப்புங்க. அதுல நான் பிளீச்சே காட்ட மாட்டேன். மத்ததெல்லாம் பழையபடி வெள்ளையா வரும். வரலைன்னா நீங்க வேற எடம் பாத்துக்குங்க, நானே வேணாங்கிறேன். ஆனா ஒண்ணு. அவங்க மூஞ்சிக்கு நேரா சொன்னத, திங்கக்கிழமை கொட்டகைக்கு வந்து அவங்க மூஞ்சிக்கு நேராவே இல்லைன்னு சொல்லணும்."

மேனேஜர் துணியைப் பார்த்தார், பக்கத்து மேசையைப் பார்த்தார். "வர்றேன்" என்றார். பில் வந்தது. நாத்தனார் தொகையைப் பார்த்துவிட்டு மிச்சமிருந்த தண்ணீரை மடமடவென்று குடித்தாள். சோடாக்கா எண்ணிக் கொடுத்துவிட்டு, வந்த வாசல் வழியாகவே வெளியே போனாள்.

திங்கட்கிழமை அவர் வந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பளபளக்கும் செருப்பைச் சோப்புத் தண்ணீர் நனைக்க, தொண்டையைச் செருமி, "உங்க கை மேல தப்பில்லை. நான் விசாரிக்காமப் பேசிட்டேன்" என்று கொட்டகைத் தூணைப் பார்த்துச் சொன்னார். சோடாக்கா விடவில்லை. "தூணு கைகழுவலை சார். அவங்க அங்க நிக்கிறாங்க." அவர் திரும்பி நின்று இன்னொரு தடவை சொன்னார். இளசுகள் இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டன. சின்னத் துண்டுகளின் முதல் மூட்டையையும் அவர் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அவர் போனபின் சோடாக்கா மூத்தவளுக்கு எதிரே போய் நின்றாள். மேனேஜரிடம் தடுமாறாத நாக்கு இங்கே தடுமாறியது. "அவரு வாயால சொன்னாரு. நான் உங்க கையப் பிடிச்சு மோந்தே பாத்தேன். பதினோரு வருஷம் பழகிட்டு மோந்து பாத்தேன். பவுடரக் கூட்டிக் கறையாக்குனதும் நான்தான். என்ன மன்னிச்சிடுங்கக்கா."

மூத்தவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இயந்திரம் ஒரு சுற்று முடிந்து நின்றது.

"அன்னிக்கு ராத்திரி நானே என் கைய மோந்து பாத்தேன்" என்றாள் கடைசியில். "ஒருவேளை நெசமாவே நாறுதோன்னு."

சோடாக்கா உடைந்து அழுதுவிட்டாள். மூன்று மாதமாக அடக்கியதெல்லாம் வந்தது. மூத்தவள் தேய்த்து வைத்த துணிகளில் ஒன்றை உருவி அவள் கையில் கொடுத்தாள். பிறகு, மருமகன் கதை சொல்கிற அந்தப் பழைய குரலில் கேட்டாள், "சரி, அவ்வளவு காசு குடுத்துப் போனியே, சாப்பாடு எப்படி இருந்துச்சு? அந்தக் காசுக்குத் தகுமா?"

சோடாக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "யாருக்குத் தெரியும்? ஆறு தட்டையும் துணிக்குத்தானே ஊட்டினேன்!"

கொட்டகையே சிரித்தது. மூத்தவள் சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப தகுமா தகாதான்னு யாருதான் சொல்றது?"

"நாமதான். வர்ற வருஷம் இதே மாசம், நாம நாலு பேரும் முன்வாசல் வழியாப் போறோம். அந்தக் காளான நான் வாயில போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்வேன்."

அன்றே ஒரு பழைய சோடா டப்பாவைக் கழுவிக் காயவைத்து, மூடியில் துளை போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். முதல் நாணயத்தை மூத்தவள் போட்டாள்.