கடையா, வீடா?

விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் தங்கச்சாமி, பெண் பார்க்கப் போன வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். சம்பந்தம் சரி என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கை நனைப்பார். சொந்தத்தில் யாருக்குப் பெண் பார்த்தாலும் அவரைத்தான் முன்னால் உட்கார வைப்பார்கள். மல்லாங்கிணற்றில் ஒருமுறை கறிக்குழம்பு தெருவே மணக்க, பேச்சு முடியாததால் பட்டினியாக எழுந்து வந்த மனுஷன்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஜப்பானில் பெண் பார்க்கும் வேலை வந்தது. அங்கே வேலை பார்க்கும் மகன் ஹரிஷ்குமார், யூமி என்ற பெண்ணைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். “நேர்ல பாத்துட்டுத்தான் சொல்லுவேன்” என்று விமானம் ஏறினார் தங்கச்சாமி. “மனசுக்கு ஒப்பலைன்னா கை நனைச்சிராம வந்துருங்க” என்று மனைவி யோகேஸ்வரியும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

போய் இறங்கிய மறுநாள் மத்தியானம், “சாப்பிடப் போவோம், வாங்கப்பா” என்றான் மகன். பெண் வீட்டில் பட்டினி கிடக்க வேண்டியதுதான், முதலில் கடையில் வயிற்றை நிரப்பிக்கொள்வோம் என்று சந்தோஷமாகக் கிளம்பினார்.

ஆறு நாற்காலி போட்ட சின்ன ராமென் நூடுல்ஸ் கடை. அடுப்படியில் தலையில் துணி கட்டிய ஒருவரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். வேறு ஓர் ஆள்கூட இல்லை. பாவம், வியாபாரம் படுத்துவிட்டது போல என்று இரக்கப்பட்டார். வாசலில் காசு போட்டுச் சீட்டு எடுக்கும் மெஷின் இருந்தது. மகன் அதன் பக்கமே போகவில்லை.

கோழிச்சாற்றில் மிதந்த நூடுல்ஸ் வந்தது. குச்சியை வைத்துக்கொண்டு அவர் படாதபாடு பட, அந்த அம்மாள் ஓடிவந்து முள்கரண்டி கொடுத்தாள். கேட்காமலேயே இன்னொரு முட்டையும் வைத்தாள். காரம் பத்தவில்லையென்று மேஜையிலிருந்த மிளகாய்ப்பொடியை எடுத்தவர், முகர்ந்ததும் திகைத்தார். சம்பா வத்தல். அதுவும் யோகேஸ்வரி வறுத்து அரைத்தது.

“ஏலே, நம்ம வீட்டுப் பொடி இங்கன எப்படி வந்துச்சு?”

“நான்தான் குடுத்தேன்ப்பா. சாப்பிடுங்க, ஆறிரும்.”

ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பொடி விழுந்ததும் சாறு அமிர்தமாகிவிட்டது. விளங்காததை ஒதுக்கிவைத்துவிட்டு, கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

காலிக் கிண்ணத்தைப் பார்த்த அடுப்படிக்காரர் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு வெளியே வந்து, இடுப்பு வரை குனிந்தார். பக்கத்தில் மனைவியும் குனிந்தாள். பின்கதவைத் திறந்துகொண்டு மூன்றாவதாக ஒருத்தி வந்து குனிந்தாள். மகன் அனுப்பிய போட்டோவில் பார்த்த யூமியின் முகம்.

தங்கச்சாமி மகன் பக்கம் திரும்பினார். “ஏலே, இது கடையா வீடா?”

“கீழ கடை, மேல வீடுப்பா. உங்களுக்காகத்தான் இன்னைக்குக் கடைய அடைச்சிருக்காக. சாப்பிடப் போவோம்னு சொன்னேன்ல?”

மகன்மேல் கோபம் வந்தது. கடை என்று நம்பிச் சாப்பிட்டது கணக்கில் சேருமா? காசு வாங்காமல் போட்ட சோறு கடைச் சோறாகுமா? இருபது வீட்டுச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர், காலிக் கிண்ணத்தையும் வாசல் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னும் அவர்கள் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

போன் அடித்தது. யோகேஸ்வரி.

“சாப்பிட்டீகளா?”

“ம்.”

“எங்கன?”

கடையில் என்று சொன்னால் பொய்யில்லை. அப்படிச் சொல்லத்தான் வாயெடுத்தார்.

“சம்பந்தி வீட்டுல” என்றார்.

யோகேஸ்வரி கேட்டாள், “வயிறு நெறைஞ்சுதா?”