பூட்டன் பெயரைத் தேடிக் கேரித் தீவுக்கு

போன ஆடி அமாவாசைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இந்தப் பயணம் போனேன். அப்பா இறந்தபின் வரும் முதல் ஆடி அமாவாசை. தர்ப்பணத்துக்கு மூன்று தலைமுறைப் பெயர் வேண்டும் என்று பிரிக்பீல்ட்ஸ் கோயில் ஐயர் சொல்லியிருந்தார். தாத்தா பெயர் அப்பாவின் ஐசியில், அதாவது அடையாளக் கார்டிலேயே இருக்கிறது. தாத்தாவின் அப்பா, அதாவது என் பூட்டன் பெயர்? தாத்தா காலத்துக் காகிதம் ஒன்றும் மிஞ்சவில்லை. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரோடு கதை முடிந்துவிடும். கருமாதியன்று ஐயர் கேட்டபோது திருதிருவென்று முழித்தேன். மறுபடி அப்படி நிற்கக் கூடாது.

கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் ஏறினால் கிள்ளானுக்கு ஒரு மணி நேரம் சொச்சம். அங்கிருந்து கேரித் தீவு முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். கிராப் வாடகைக் காருக்கு ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கேட்டது. டிரைவர் நம்மவர்தான்.

"அண்ணே, உள்ள போனா திரும்பி வர கார் கெடைக்காது லா. நானே வெயிட் பண்றேன்."

நல்ல மனுஷன். அவர் மட்டும் இல்லையென்றால் அங்கேயே கிடந்திருப்பேன்.

பூட்டனைப் புதைத்தது தீவில் அவர் வேலை பார்த்த தோட்டத்துச் சுடுகாட்டில். கல்லில் பெயர் வெட்டியிருப்பார்கள் என்ற நப்பாசை. வாசல் காவலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பழைய சுடுகாடா? அதெல்லாம் அழிச்சு மறுநடவு பண்ணி எத்தன வருசமாச்சு!"

நம்பாமல் உள்ளே போய்ப் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்ணெய்க்காக நட்ட செம்பனை. ஒரு கல்கூட இல்லை. கொசுக்கடிதான் மிச்சம்.

கடைசி நம்பிக்கை சின்னாயி. தாத்தாவின் தம்பி மனைவி, தொண்ணூறைத் தாண்டியவர், கிள்ளானில் மகன் வீட்டில் இருக்கிறார். பூட்டனோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது அவர் மட்டும்தான்.

விஷயத்தைச் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "புருசன் பேரயே சொன்னதில்ல. மாமனார் பேர எப்படிய்யா சொல்லுவேன்?"

அப்படியானால் தெரியும்!

"அப்பாவுக்காக ஆயி, ஒரே ஒரு தடவ," என்று கெஞ்சினேன்.

பிறகு சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க மாமா," என்றார். வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை.

"இரு... மு... இல்ல. தெரியும்யா, எனக்குத் தெரியும்... வாயால சொன்னதே இல்லயே. எங்க போச்சுன்னு தெரியலயே!"

தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். எனக்கும் முட்டிக்கொண்டு வந்தது. மரியாதை மரியாதை என்று ஒரு மனிதனின் பெயரையே தொலைத்துவிட்டோமே, நாமெல்லாம் என்ன ஜென்மம்!

வம்சாவளி தேடக் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். இணையம், டிஎன்ஏ எல்லாம் அப்புறம். முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் போங்கள். மருமகள்களைவிட மகள்களைக் கேளுங்கள். அவர்களாவது அப்பா பெயரைச் சொல்வார்கள். பேசும்போதே போனில் பதிவு செய்யுங்கள். கேரித் தீவுக்குப் போனால் வந்த காரை அனுப்பிவிடாதீர்கள்.

அமாவாசையன்று மோரிப் கடற்கரையில் ஐயர் மூன்றாவது பெயரைக் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

"பரவால்ல, சாமி பேரு ஒண்ணு சொல்லிக்குவோம்," என்றார்.

எள்ளும் தண்ணீரும் விட்டேன். அப்பாவுக்குப் போயிருக்கும். தாத்தாவுக்கும் போயிருக்கும். பூட்டனுக்குப் போயிருக்காது.