லெசினாவின் ஈரத்தரை

எங்கள் ஏரிக்கரை ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் துப்புரவுக்காரி லெசினா வாளியைத் தூக்கினால், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் முனக ஆரம்பித்துவிடுவார்கள். சுத்தமாய்க் காய்ந்து கிடக்கும் தரையில் தண்ணீரைக் கொட்டுவாள்.

"காலை வச்சு வழுக்கி விழுந்துட்டு என்கிட்ட கட்டில் கேக்காதீங்க. எல்லாரும் வெளிய போய்க் களி கிண்டுங்க."

மாமியார், நாத்தனார், பெற்ற தாய் எல்லோரும் சட்டியோடு, நோயாளிகளுக்குச் சொந்தக்காரர்களே சமைக்கிற வெளிக்கொட்டகைக்கு நகர்ந்துவிடுவார்கள்.

அது சுத்தத்துக்காக இல்லை. இரத்தப்போக்கும் காய்ச்சலுமாய் வருகிற பெண், சொந்தக்காரர் முன்னால் வாய் திறக்கமாட்டாள். "கரு தானா கலைஞ்சுடுச்சு" என்பாள். என்ன குடித்தாள், உள்ளே எதையாவது செருகினார்களா என்று தெரியாமல் நர்ஸ் நான் எதற்கென்று வைத்தியம் பார்ப்பது? கருவைக் கலைப்பது எங்கள் நாட்டில் குற்றம். போலீசுக்குப் பயம், மாமியாருக்குப் பயம், சர்ச்சுக்குப் பயம். சாவுக்கு மட்டும் பயமில்லை. அப்படி வாயை மூடிக்கொண்டே செத்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் லெசினா தரையை நனைக்கத் தொடங்கினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவள் மகள் தியாமிகேயையே கொண்டுவந்து கிடத்தினார்கள். இருபத்திரண்டு வயது, ஒரு பெண் குழந்தைக்குத் தாய். புருஷன் ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உடம்பு அனலாய்க் கொதித்தது, வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. துணியில் ஒரு வாடை. அந்த வாடை எனக்குத் தெரியும், லெசினாவுக்கும் தெரியும்.

"மலேரியா, சிஸ்டர்," என்றாள் லெசினா.

"நீ கொஞ்சம் வெளிய இரு."

"பெத்தவ நான். என்கிட்ட அவளுக்கு என்ன மறைவு? புருஷன் ஊர்ல இல்லாதவ, சிஸ்டர். என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல."

"எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்றாங்கன்னு நீதானே நக்கலடிப்ப?"

அவள் அசையவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அவ பயப்படுறது உனக்குத்தான், லெசினா. நீ இங்க நின்னா அவ சொல்லமாட்டா. சொல்லலைன்னா செத்துடுவா."

லெசினா கம்பியை விட்டாள். மகளின் நெற்றியைத் துடைத்தாள். "சிஸ்டர் கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லு, தியா. நான் உன்னை ஒண்ணும் கேக்கமாட்டேன். எப்பவும் கேக்கமாட்டேன்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

தியாமிகே சொன்னாள். பக்கத்து ஊரில் ஒருத்தி, ஒரு குச்சி. அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள், சத்தியம் செய்தேன். உடனே தலைநகர் லிலோங்வேயில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரை மீட்டார்கள்.

திரும்பி வந்து எங்கள் வார்டில் கிடந்தவளைக் குளிப்பாட்டியது லெசினாதான். அடிவயிற்றில் போட்டிருந்த தையலுக்கு அர்த்தம் அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. எத்தனையோ வயிற்றில் பார்த்திருக்கிறாள். சொன்னபடியே ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழிப்பறைப் பக்கம் போய் அழுதுவிட்டு வருவாள், அவ்வளவுதான்.

தியாமிகேயின் மாமியார் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கருவாட்டுப் பொட்டலத்தோடு பார்க்க வந்தாள்.

"என்னவாம் என் மருமகளுக்கு?"

"வயித்துல கட்டி, சம்பந்தியம்மா. எடுத்தாச்சு. எங்க குடும்பத்துல வர்றதுதான்," என்றாள் லெசினா.

மாமியார் சந்தேகமாய் என்னைப் பார்த்தாள். நானும் தலையை ஆட்டிவைத்தேன். அவள் முகம் தெளிந்தது.

"போகட்டும், விடு. ஈஸ்டருக்கு என் மகன் வர்றான். அடுத்தது ஆம்பளப் பிள்ளையாப் பெத்துக் குடுக்கச் சொல்லு உன் பொண்ணை."

தியாமிகே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். லெசினா போர்வையை இழுத்து மகளின் தோளை மூடினாள்.

"அதுக்கென்ன, பெத்துக் குடுப்பா," என்றாள்.