சிங்கப்பூர் வரை எட்டிய நூல்

பால் டின்னுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்று நம்பிய மடையன் நான். அப்போது எனக்கு ஆறு வயது என்பதைத் தவிர என் பக்கம் வேறு வாதம் இல்லை.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடத்தின் கடைசி லீவு. லீவு முடிந்தால் நான் முதல் வகுப்புக்குப் போக வேண்டும். அதுவரை மலாக்காவில், காஜா பேராங் தெரு வீட்டில் என்னை அடக்கி வைக்கும் பொறுப்பு பத்து வயது அக்காவின் தலையில் விழுந்தது. வெண்டைக்காயை நறுக்கி, துணிக்குப் போடும் நீலத்தில் தோய்த்துப் பூப்பூவாக அச்சுக் குத்தச் சொல்லிக்கொடுத்தாள். நான் அப்பாவின் வெள்ளைச் சட்டையில் குத்தினேன். தென்னோலையில் காற்றாடி செய்துகொடுத்தாள். நான் மூக்கைக் கீறிக்கொண்டேன். கடைசியில்தான் டெலிபோன். இரண்டு பால் டின், அடியில் ஆணியால் ஓட்டை, நடுவே பட்டத்து நூல். வெளியே கலர்க் காகிதத்தைக் கஞ்சிப் பசையால் ஒட்டினோம்.

ஒரு டின் என்னிடம். மற்றது செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுச் சிறுமியிடம். அவர்கள் மலாக்காச் செட்டிகள். கும்பிடுவது நம் சாமிதான். வீட்டில் பேசுவது மலாய். எனக்கு மலாயில் சண்டை போட மட்டும் தெரியும். ஆகவே நான் தமிழில் கத்துவேன், அவள் மலாயில் சிரிப்பாள். அதுவே போதுமாக இருந்தது.

ஒரு காலையில் அவர்கள் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். அவள் அப்பாவுக்கு அங்கே துறைமுகத்தில் வேலை. அவளுடைய டின் வேலியில் தொங்கியது. நான் என் டின்னைக் காதில் வைத்தபடி பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். சோறும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம். அம்மா கெஞ்சினார், அப்பா பிரம்பைக் காட்டினார். மறுநாளும் அப்படியே.

அக்கா மட்டும், நூலை நன்றாக இழுத்துப் பிடித்துக் கூப்பிட்டுப் பார் என்று சொல்லிவிட்டு எங்கோ போனாள். கூப்பிட்டேன்.

“சாப்டியா?” என்றது டின்.

தமிழில்! நூல் சிங்கப்பூர் வரை எட்டியதையோ, அவள் இவ்வளவு சீக்கிரம் தமிழ் படித்ததையோ நான் சந்தேகிக்கவில்லை. டின் சொல்லிக்கொடுத்திருக்கும். ஓடிப்போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பேசினேன். பிறகு தினமும் பேசினேன். அக்காவிடம் சண்டைக்குத் தவிர வாய் திறக்காதவன், டின்னுக்குள் எல்லாவற்றையும் கொட்டினேன். பள்ளிக்கூடம் என்றால் பயம், இருட்டில் கக்கூசுக்குப் போகப் பயம், அக்கா பக்கத்தில் படுக்காவிட்டால் தூக்கம் வராது, ஆனால் அதை அவளிடம் சொல்லிவிடாதே.

மூக்கடைத்த அந்தக் குரல், “சொல்லமாட்டேன். நீ பள்ளிக்கூடம் போ” என்றது.

நான் பேசும் நேரமாகப் பார்த்து அக்கா காணாமல் போய்விடுவாள். இந்தக் குரலைக் கேட்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று பரிதாபப்பட்டேன். அவள் காலெல்லாம் சிவப்பெறும்பு கடித்துத் தடித்திருந்தது. வேலிப் புதருக்குள் உனக்கு என்னடி வேலை என்று அம்மா திட்டியபோது நானும் சேர்ந்து திட்டினேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாளே கோலி ஆட ஆள் கிடைத்துவிட்டது. டின்னை மறந்தே போனேன். அக்காவின் காலில் மட்டும் எறும்புக்கடி ஆறவில்லை. தினமும் புதிதாகத் தடித்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது யார் என்பது கொஞ்சம் வளர்ந்ததும் எனக்கே புரிந்துவிட்டது. அந்தப் புதுத் தடிப்புகள்தான் புரியவில்லை. அக்கா கல்யாணமாகிச் சிரம்பானுக்குப் போய், இருவருக்கும் தலை நரைத்த பிறகு ஒருநாள் கேட்டேன்: நான்தான் டின்னைத் தொடவே இல்லையே, அப்புறமும் எதற்கு அங்கே போய்க் குந்தியிருந்தாய்?

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நீ கூப்புடுவேன்னுதான்.”