செவலையின் மணி

குடியிருப்பில் புல் வெட்டும் இயந்திரம் ஓடி ஓய்ந்ததும் எழும் பச்சை வாசனை இன்றும் என்னை உட்காரவிடுவதில்லை. கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடக்கிறேன், காது மட்டும் எழுபதுகளின் ஜவ்வாது மலைக்கு, எங்கள் சாமைக்கொல்லைக்கு மேலிருந்த புல்சரிவுக்குப் போய்விடுகிறது. என் தோள் உயரத்தைத் தாண்டாத குள்ள மாடுகள் அங்கே கட்டுக்கயிறு இல்லாமல் மேயும். ஆளுயரப் புல்லுக்குள் அவை மறைந்துவிட, கழுத்திலிருக்கும் மரமணிகள் டொக்கு டொக்கென்று ஒவ்வொன்றும் ஒரு குரலில் கேட்க, எந்த மாடு எங்கே நிற்கிறதென்று அம்மா களையெடுத்தபடியே சொல்வாள். கறிக்கு மாடு பிடிக்க அடிவாரத்து வியாபாரி வரும் காலைகளில் அப்பா மணியை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொள்வார். மணியோடு அனுப்பினால் மற்ற மாடுகளும் சத்தத்தின் பின்னாலேயே மலையிறங்கிவிடும்.

கடைசிக் கன்றுக்குப் பின் ஈத்து நின்றுபோன செவலைப் பசுவை வியாபாரி பிடித்துக்கொண்டு போன சில நாளில், சரிவில் அதே மணி கேட்டது. திரும்பி வந்துவிட்டதென்று முள்ளில் கால் கிழிய மேலே ஓடினேன்.

"இன்னாத்துக்குடி ஓடற? அந்த மணிய அதும் கன்னுக்குக் கட்டிவுட்டேன்," என்றார் கீழிருந்து அப்பா.

புல்லை விலக்கினேன். தாயின் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று கன்று திரும்பித் திரும்பித் தேடிக்கொண்டிருந்தது. திரும்பும்போதெல்லாம் அதன் கழுத்தில் மணி அடித்தது.